மத நிறுவனங்களின் வரிவிலக்கும் தேர்தல் அரசியலும்

(நகரியில், தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நகரி, ஏகாம்பரகுப்பம், புத்தூர், நாராயணவனம் பகுதிகளின் விசைத்தறிக் கூடங்களிலும் தேநீர்க் கடைகளிலும் ஒரு பேச்சு திரும்பத் திரும்பக் கேட்கிறது. "கோயில் உண்டியலில் அரசாங்கம் கை வைக்கிறது; சர்ச்சுக்கும் மசூதிக்கும் வரியே கிடையாது; இதுதான் உங்கள் மதச்சார்பின்மையா?" என்பதே அந்தப் பேச்சு. இதைக் கேட்பவர்கள் அனைவரும் சங் பரிவாரத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். புரட்டாசியில் மஞ்சள் உடை உடுத்தித் திருமலைக்கு நடந்து செல்லும் தறித் தொழிலாளியும் கேட்கிறார். மே தின ஊர்வலத்தில் செங்கொடி பிடித்து வருபவரும் அவர்தான். "இது மதவெறிப் பிரச்சாரம்" என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது அவருக்குப் பதிலாகாது. அவர் கேட்பதில் ஒரு பாதி பொய். அதை ஆதாரத்துடன் மறுக்க வேண்டும். இன்னொரு பாதி நியாயமான கேள்வி: வரிவிலக்குப் பெறும் மத நிறுவனம் அரசியலில் இறங்கலாமா? இந்தக் கேள்வியை இடதுசாரிகள் கேட்காவிட்டால், அது தவறான கைகளில் கருவியாகிவிடும்.

சட்டம் சொல்வது என்ன?

முதலில் பொய்யான பாதி. இந்திய வருமான வரிச் சட்டத்தில் கோயிலுக்கு ஒன்று, சர்ச்சுக்கு ஒன்று, மசூதிக்கு ஒன்று என்று தனித்தனி விதி கிடையாது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11, 12 பிரிவுகளின்படி, பதிவு பெற்ற அறக்கட்டளை தன் வருமானத்தில் 85 விழுக்காட்டை அறப்பணிக்கோ மதப்பணிக்கோ செலவிட்டால் அதற்கு வருமான வரி இல்லை. கோயில், மடம், குருத்வாரா, வக்ஃபு, சர்ச் ஆகியவற்றை நிர்வகிக்கச் சட்டத்தின் மூலம் அமைக்கப்படும் வாரியங்களின் வருமானத்துக்கும் அதே சட்டம் தனியாக விலக்கு அளித்தது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் 2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிரிவுகளின் எண்கள் மாறுகின்றன; இந்த அடிப்படை மாறவில்லை.

ஜிஎஸ்டி வந்தபோதும் இதே வதந்தி பரவியது. கோயில் அறக்கட்டளைகள் ஜிஎஸ்டி கட்ட வேண்டும், சர்ச்சுகளும் மசூதிகளும் கட்ட வேண்டியதில்லை என்ற செய்தி சமூக ஊடகங்களில் சுற்றியது. அது முற்றிலும் பொய் என்று 2017 ஜூலையில் அறிவித்தது வேறு யாரும் அல்ல, மோடி அரசின் நிதி அமைச்சகமே. ஆனால் அந்த மறுப்பைத் தங்கள் தொண்டர்களிடம் கொண்டுசேர்க்கும் வேலையை ஆளும் கட்சி செய்யவில்லை. ஒன்பது ஆண்டுகளாகப் போகிறது, அந்தச் செய்தி இன்னமும் கைப்பேசிகளில் உலவுகிறது. திருமலை லட்டு உள்ளிட்ட பிரசாதத்துக்கு ஜிஎஸ்டி இல்லை என்பதையும் தறிக்கூடத்து நண்பரிடம் சொல்லலாம். அவர் வாங்கும் பருத்தி நூலுக்கு 5 விழுக்காடு உண்டு.

அப்படியானால் அறநிலையத் துறை கோயில்களிடமிருந்து பெறுவது என்ன? அது நிர்வாகத்துக்கும் தணிக்கைக்குமான பங்களிப்பு. இதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1954இல் சிரூர் மடம் வழக்கில், சென்னை மாகாணச் சட்டம் விதித்திருந்த பங்களிப்பு உண்மையில் வரிதான் என்று கூறி உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்துச் செய்தது. அதன் பிறகே, செய்யும் சேவைக்கான கட்டணம் என்ற அடிப்படையில் சட்டம் திருத்தி அமைக்கப்பட்டது. அந்தப் பணம் அரசின் பொதுச் செலவுக்குப் போவதில்லை. மறுபுறத்தில், அரசின் பணம் கோயிலுக்குப் போவதற்கு அரசியல் சட்டத்திலேயே ஏற்பாடு இருக்கிறது. 290ஏ பிரிவின்படி கேரள அரசு திருவிதாங்கூர் தேவஸ்வத்துக்கு ஆண்டுக்கு 46 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயும், கன்னியாகுமரிப் பகுதிக் கோயில்களுக்காகத் தமிழ்நாடு அரசு 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயும் கொடுத்தாக வேண்டும். சமஸ்தான காலத்தில் கையகப்படுத்தப்பட்ட கோயில் நிலங்களுக்கு ஈடாக வந்த ஏற்பாடு அது. அதில் குறை காண வேண்டியதில்லை. "அரசாங்கம் இந்துக்களின் பணத்தை எடுத்து மற்றவர்களுக்குக் கொடுக்கிறது" என்று பேசுபவர்கள் இந்தப் பிரிவைப் பற்றி ஒருநாளும் வாய் திறப்பதில்லை என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

நன்கொடையாளருக்குக் கிடைக்கும் சலுகை இன்னொரு விஷயம். குறிப்பிட்ட ஒரு மதச் சமூகத்துக்காக மட்டும் இயங்கும் அமைப்புக்கு நன்கொடை கொடுத்தால் பொதுவாக 80ஜி சலுகை கிடையாது. ஆனால் வரலாற்றுச் சிறப்பு மிக்க வழிபாட்டிடம் என்று மத்திய அரசு அறிவித்தால் நன்கொடையில் பாதிக்கு வரிக்கழிவு உண்டு. அயோத்தி ராமர் கோயில் அறக்கட்டளைக்கு இந்த அறிவிப்பு 2020 மே மாதம் வந்தது. நாடு ஊரடங்கில் இருந்தது. புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் நெடுஞ்சாலைகளில் நடந்துகொண்டிருந்தார்கள். கோயிலுக்கு அடிக்கல் கூட நாட்டப்படவில்லை.

விட்டுக்கொடுக்கப்படும் வரி யாருடையது?

வரிவிலக்கு என்பது அரசு கையில் எடுத்துக் கொடுக்காத மானியம். வசூலாகி இருக்க வேண்டிய பணம் வசூலாகவில்லை என்றால் அந்த இடைவெளியை வேறு யாரோ நிரப்புகிறார்கள். இந்தியாவில் அந்த வேறு யாரோ என்பவர் பெரும்பாலும் சோப்பும் தீப்பெட்டியும் வாங்கும் ஏழைதான். எந்தக் கோயிலுக்கும் சர்ச்சுக்கும் போகாதவரும் அதில் இருக்கிறார். மதப் பிரச்சாரத்துக்கென்று தனி வரி விதித்து எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 27ஆம் பிரிவு. விலக்கு அந்தப் பிரிவை மீறுவதாகாது. மருத்துவமனையும் பள்ளியும் அன்னதானமும் நடத்தும் நிறுவனங்களுக்குச் சமூகம் சலுகை தருவதில் நியாயம் உண்டு. ஆனால் பொதுப் பணத்தின் பங்கைப் பெறுபவரிடம் பொதுமக்கள் இரண்டைக் கேட்க உரிமை உண்டு: கணக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும், அந்தப் பணமும் அந்த மேடையும் வாக்குச் சேகரிக்கப் பயன்படக் கூடாது.

கணக்கு விஷயத்தில் ஓட்டை பெரியது. பெயர் தெரியாத நன்கொடைக்கு 30 விழுக்காடு வரி விதிக்கும் பிரிவு 2006இல் கொண்டுவரப்பட்டது. முழுக்க முழுக்க மத நோக்கம் கொண்ட நிறுவனங்களுக்கு அது பொருந்தாது. உண்டியலில் காசு போடும் மூதாட்டியிடம் பெயரும் முகவரியும் கேட்க முடியாது என்பது சரியே. அதே உண்டியலில் ஒரு ஒப்பந்ததாரர் போடும் கட்டுக் கட்டான நோட்டுக்கும் பெயர் தேவையில்லை என்பதுதான் சிக்கல். காணிக்கைப் பைக்கும் இது பொருந்தும்.

தமிழ்நாட்டின் கத்தோலிக்கத் திருச்சபை தொடர்பான வழக்கு ஒன்றைத் தோழர்கள் அறிந்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளிகளில் ஆசிரியர்களாகப் பணிபுரியும் அருட்சகோதரிகளுக்கும் குருக்களுக்கும் அரசு ஊதியம் கொடுக்கிறது. வறுமை வாக்குறுதி எடுத்துக்கொண்டதால் அவர்கள் அந்த ஊதியத்தை அப்படியே தங்கள் சபைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். இந்தக் காரணத்தால் 1944ஆம் ஆண்டின் சுற்றறிக்கை ஒன்றைக் காட்டி, அவர்களின் ஊதியத்தில் வரி பிடிக்கப்படாமல் பல பத்தாண்டுகள் கழிந்தன. வருமான வரித் துறை பிடித்தம் செய்யச் சொன்னதும் வழக்கு வந்தது. வாக்குறுதி எடுத்தவர் திருச்சபைச் சட்டப்படி உலகியல் வாழ்வுக்கு இறந்தவர், சொத்துக்கும் வருமானத்துக்கும் உரியவர் அல்லர் என்று சபைகள் வாதிட்டன. சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2019 மார்ச்சில் இதை ஏற்கவில்லை. ஊதியம் முதலில் தனிநபருக்குச் சேருகிறது, பிறகு அவர் அதை யாருக்குக் கொடுக்கிறார் என்பது வேறு விஷயம் என்று தீர்ப்பளித்தது. 2024 நவம்பர் 7 அன்று தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

தீர்ப்பு சரியானது. அதே பள்ளியில் பக்கத்து வகுப்பில் பாடம் நடத்தும் மற்றொரு ஆசிரியை வரி கட்டும்போது, அருட்சகோதரிக்கு மட்டும் விலக்கு இருக்க நியாயமில்லை. எனினும் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். முப்பது ஆண்டுகள் கற்பித்தும் தன் ஊதியத்தில் ஒரு ரூபாயைக்கூடத் தன் விருப்பப்படி செலவு செய்யாத பெண் அவர். சபையை விட்டு வெளியேறினால் கையில் ஒன்றும் இருக்காது. வரி யாருக்கு என்ற கேள்வி நீதிமன்றத்தில் முடிந்துவிட்டது. அந்த உழைப்பின் பலன் யாருக்கு என்ற கேள்வியை எவரும் கேட்கவில்லை.

பேசப்படாத 1988ஆம் ஆண்டுச் சட்டம்

மத நிறுவனம் அரசியலில் இறங்கலாமா என்ற கேள்விக்கு அமெரிக்காவில் 1954 முதல் ஒரு விதி உண்டு. அப்போது செனட் உறுப்பினராக இருந்த லிண்டன் ஜான்சன் கொண்டுவந்த திருத்தம் அது. வரிவிலக்குப் பெறும் அமைப்பு, சர்ச் உட்பட, எந்த வேட்பாளரையும் ஆதரித்தோ எதிர்த்தோ தேர்தலில் தலையிடக் கூடாது. 1992 அதிபர் தேர்தலுக்கு நான்கு நாட்களுக்கு முன் கிளிண்டனுக்கு வாக்களிப்பது பாவம் என்ற பொருளில் நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்த நியூயார்க் மாநிலச் சர்ச் ஒன்று தன் விலக்கை இழந்தது. 2000த்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அந்த அளவுக்கு விதி செயல்படுத்தப்பட்டது மிக அபூர்வம். 2025 ஜூலையில் டெக்சாஸ் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த ஆவணத்தில், வழிபாட்டின்போது சபையினரிடம் வேட்பாளரைப் பற்றிப் பேசுவது தடைக்குள் வராது என்று அமெரிக்க வருவாய்த் துறையே ஒப்புக்கொண்டது. டிரம்ப்பின் பின்னால் திரண்ட வலதுசாரி மதபோதகர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்தது இதுதான்.

இந்தியாவில் இதைவிடக் கடுமையான சட்டம் இருக்கிறது. பொற்கோயிலில் தீவிரவாதிகள் தங்கியிருந்த சூழலில், 1988 மே மாதம் அவசரச் சட்டமாக வந்து, பின்னர் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது மத நிறுவனங்கள் தவறாகப் பயன்படுத்தப்படுவதைத் தடுக்கும் சட்டம். அதன் 3ஆம் பிரிவு மத நிறுவனத்தின் வளாகத்தை அரசியல் நடவடிக்கைக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. 5ஆம் பிரிவு நிறுவனத்தின் நிதியையும் சொத்தையும் எந்த அரசியல் கட்சியின் நலனுக்காகவும் பயன்படுத்தக் கூடாது என்கிறது. மீறினால் ஐந்து ஆண்டுகள் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். இந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. கோயில் மண்டபத்தில் வாக்குச் சேகரிக்கும் வேட்பாளரும், ஜெபக் கூட்ட மேடையில் தலைவருக்கு மாலை போடும் பாஸ்டரும் இப்படி ஒரு சட்டம் இருப்பதாகவே அறியமாட்டார்கள். காவல் நிலையத்திலும் அறிந்தவர் குறைவு.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவும் உண்டு. 1957 தேர்தலில் பஞ்சாபின் சிர்சா தொகுதியில் நாம்தாரி சீக்கியர்களின் குரு தம் வழிநடப்போருக்கு இன்னாருக்கு வாக்களியுங்கள் என்று ஆணை அனுப்பினார். குருவின் ஆணையை மீறினால் ஆன்மிகத் தண்டனை என்று நம்பும் வாக்காளருக்குச் சுதந்திரமான தெரிவு இல்லை என்று கூறி உச்ச நீதிமன்றம் 1959இல் அந்தத் தேர்தல் செல்லாது என்று தீர்த்தது. 2017 ஜனவரி 2 அன்று அபிராம் சிங் வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு, நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில், வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லி வாக்குக் கேட்பதும் ஊழல் நடவடிக்கைதான் என்றது. அதன் பிறகு நடந்த தேர்தல்களைத் தோழர்கள் பார்த்திருக்கிறார்கள்.

1988 சட்டத்தைக் கொண்டாடவும் வேண்டியதில்லை. அதில் 'அரசியல் நடவடிக்கை' என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கம் மிக அகலமானது. கட்சிப் பிரச்சாரம் மட்டுமல்ல, அரசியல் தன்மை கொண்ட எந்தப் பிரச்சினைக்காகவும் கூட்டம், ஊர்வலம் நடத்துவதும் அதற்குள் வந்துவிடும். கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு எதிராக 2011 முதல் இடிந்தகரை லூர்து மாதா ஆலய வளாகத்தில் மீனவர்கள் பந்தலிட்டு உட்கார்ந்தார்கள். அந்தப் போராட்டத்தின் கோரிக்கையை ஏற்பதும் மறுப்பதும் வேறு. ஊரில் வேறு பொது இடம் இல்லாத மக்கள் தங்கள் கோயில் வாசலில் கூடித் தங்கள் வாழ்வாதாரம் பற்றிப் பேசுவதும், ஒரு பேராயர் தன் நிறுவனத்தின் செல்வாக்கை ஒரு கட்சிக்கு விலை பேசுவதும் ஒன்றல்ல. 2012இல் மத்திய காங்கிரஸ் கூட்டணி அரசு தூத்துக்குடி மறைமாவட்டத்தோடு தொடர்புடைய அமைப்புகளின் வெளிநாட்டு நிதிக் கணக்குகளை முடக்கியது. 2022இல் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு எதிரான போராட்டத்தை லத்தீன் மறைமாவட்டம் முன்னின்று நடத்தியது. அங்கே ஆட்சியில் இருந்தது இடது முன்னணி. அப்போதும் அளவுகோல் இதுவாகத்தான் இருக்க வேண்டும்: மக்களின் கோரிக்கையா, நிறுவனத்தின் தேர்தல் பேரமா?

திருச்சபையின் அரசியல்

திருச்சபை விலை பேசியதே இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. 1957இல் கேரளத்தில் மக்கள் வாக்களித்து அமைந்த இ.எம்.எஸ். அரசின் கல்வி மசோதா, தனியார் பள்ளி நிர்வாகங்கள் ஆசிரியர்களை நடத்திய விதத்துக்குக் கடிவாளம் போட முயன்றது. ஆசிரியர் ஊதியத்தை அரசு கொடுக்கும், நியமனத்தில் நிர்வாகம் இஷ்டப்படி செயல்பட முடியாது என்ற ஏற்பாட்டைக் கத்தோலிக்கத் திருச்சபை தன் இருப்புக்கே ஆபத்து என்று பிரச்சாரம் செய்தது. நாயர் சேவைச் சங்கத்தோடும் காங்கிரசோடும் கைகோர்த்து 'விமோசன சமரம்' நடத்தியது. ஆலய மணிகள் ஆட்களைத் திரட்ட அடிக்கப்பட்டன. 1959 ஜூலை 31 அன்று அந்த அரசு கலைக்கப்பட்டது. மத நிறுவனத்தின் சொத்தும் பள்ளியும் ஒரு வர்க்கத்தின் நலனோடு இணையும்போது என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இந்திய வரலாற்றில் குறைவு.

அதே கேரளத்தில் 2023 மார்ச்சில் தலச்சேரிப் பேராயர் ஜோசப் பாம்ப்ளானி, ரப்பர் விலையைக் கிலோவுக்கு 300 ரூபாயாக உயர்த்தினால் மாநிலத்தில் நாடாளுமன்ற உறுப்பினரே இல்லாத பாஜகவின் குறையைத் தீர்த்துவைப்போம் என்ற பொருளில் விவசாயிகள் கூட்டத்தில் பேசினார். ரப்பர் விவசாயியின் துயரம் உண்மையானது. விலை வீழ்ச்சிக்கு யாருடைய இறக்குமதிக் கொள்கை காரணம் என்பதும் தெரிந்ததே. வாக்குகளைத் தன் சட்டைப் பையில் வைத்திருப்பதுபோல் ஒரு பேராயர் பேசியதுதான் கேள்விக்குரியது. இதற்கு நேர்மாறாக, 2017இல் காந்திநகர்ப் பேராயர் தாமஸ் மக்வான் குஜராத் தேர்தலையொட்டி ஒரு மேய்ப்புக் கடிதம் எழுதியதற்குத் தேர்தல் அதிகாரிகள் நோட்டீஸ் அனுப்பினார்கள். 2018இல் தில்லிப் பேராயர் அனில் கூட்டோ நாட்டுக்காக ஜெபியுங்கள் என்று எழுதியதற்கு மத்திய அமைச்சர்கள் வரை கண்டனம் எழுப்பினார்கள். பாஜகவுக்கு உதவுவதாகச் சொன்னவருக்கு இப்படி எதுவும் நேரவில்லை. 2021 கிறிஸ்துமஸ் நாளில் அன்னை தெரசாவின் அமைப்புக்கு வெளிநாட்டு நிதிப் பதிவைப் புதுப்பிக்க மறுத்தார்கள். உலகமெங்கும் கண்டனம் எழுந்தபின் இரண்டு வாரத்துக்குள் திருப்பிக் கொடுத்தார்கள். விலக்கும் பதிவும் சட்டத்தின்படி வருவதற்குப் பதில் ஆட்சியாளரின் தயவாக மாறும்போது, மேய்ப்பர்கள் தங்கள் மந்தையின் வாக்குகளை வைத்துப் பேரம் பேசப் போவதில் வியப்பில்லை.

ஆர்எஸ்எஸ் விஷயத்தைப் பாருங்கள். பதிவு செய்யப்படாத அமைப்பு அது. 2025 நவம்பரில் பெங்களூருவில் பேசிய மோகன் பாகவத், தங்களுக்கு வரும் குருதட்சிணைக்கு வருமான வரி இல்லை என்று கூறினார். ஒரு ஆளும் கட்சியின் முதுகெலும்பாக இருக்கும் அமைப்புக்கு வரும் பணம் வரி வலைக்கு வெளியே இருக்கிறது. காலனித் தெருவில் ஓலைக் கூரையின் கீழ் ஜெபம் நடத்துபவரின் வருமானத்தைத் தேடுகிறார்கள்.

திருப்பதியில் நடப்பது

நகரியிலிருந்து திருப்பதி இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கிறது. திருமலைக் கோயிலின் வருவாயில் ஆட்சியாளர்கள் கண் வைத்தது இன்று நேற்றல்ல. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி அதன் நிர்வாகத்தைக் கையில் வைத்து உபரியை எடுத்துக்கொண்டது. கிறிஸ்தவ அரசு விக்கிரக வழிபாட்டை நடத்தலாமா என்று இங்கிலாந்தின் மிஷன் அமைப்புகள் எதிர்ப்புக் கிளப்பியதால், 1843இல் ஹாத்திராம்ஜி மடத்திடம் ஒப்படைத்தது. 1933இல் தேவஸ்தானக் குழு வந்தது. மடாதிபதி காலத்தைப் பொற்காலமாகக் காட்டி "கோயில்களை விடுவியுங்கள்" என்று பேசுபவர்கள், அந்தக் குழு ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொல்வதில்லை.

2025–26 ஆண்டுக்குத் தேவஸ்தானத்தின் பட்ஜெட் 5,258.68 கோடி ரூபாய். உண்டியல் வரவு மட்டும் 1,729 கோடி என்று மதிப்பிடப்பட்டது. இதன் தலைவர் பதவி ஆளுங்கட்சியின் பரிசு. ஜெகன் ஆட்சியில் அவருடைய உறவினர் ஒய்.வி. சுப்பா ரெட்டியும், பிறகு திருப்பதி சட்டமன்ற உறுப்பினர் கருணாகர் ரெட்டியும் இருந்தார்கள். இப்போதைய ஆட்சியில் தொலைக்காட்சி உரிமையாளர் பி.ஆர். நாயுடு. தரிசனத்துக்கான சட்டமன்ற உறுப்பினரின் சிபாரிசுக் கடிதம் இந்த மாவட்டத்தில் ரூபாய் நோட்டைப்போல் செலாவணியாகிறது. வரிவிலக்குப் பெறும் நிறுவனம் அரசியல் செல்வாக்குக்குப் பயன்படுவது என்றால் இதைவிட வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

2024 செப்டம்பரில் லட்டு நெய்யில் விலங்குக் கொழுப்பு கலந்திருந்ததாக முதலமைச்சரே பொதுவெளியில் சொன்னார். கலப்பட நெய் என்றால் அது உணவுப் பாதுகாப்புத் துறையும் காவல் துறையும் விசாரிக்க வேண்டிய குற்றம். ஒப்பந்தம் எடுத்தவரும் கொடுத்தவரும் பதில் சொல்ல வேண்டும். ஆனால் விசாரணை முடியும் முன்பே அது தேர்தல் பகையின் ஆயுதமானது. கடவுள்களையாவது அரசியலிலிருந்து தள்ளிவையுங்கள் என்ற பொருளில் உச்ச நீதிமன்றம் கேட்டது. அக்டோபர் 4 அன்று தனிப் புலனாய்வுக் குழு அமைத்தது. இதற்கிடையே ஜெகன் திருமலைக்கு வந்தால் நம்பிக்கை உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும் என்ற கூச்சல் எழ, அவர் பயணத்தை ரத்துசெய்தார். துணை முதலமைச்சர் பவன் கல்யாண் அக்டோபர் 3 அன்று திருப்பதிப் பொதுக்கூட்டத்தில் சனாதன தர்மத்தைக் காக்க நாடு தழுவிய சட்டம் வேண்டும் என்று பிரகடனம் வாசித்தார். அடுத்த மாதம் புதிய வாரியம் கூடி, திருமலையில் அரசியல் பேசத் தடை என்று தீர்மானித்தது. தீர்மானம் நல்லது. ஆனால் வாரியத்தின் நியமனமே அரசியலாக இருக்கும்போது, தடை யாருக்கு?

2025 ஜனவரி 5 அன்று விஜயவாடா அருகே விசுவ இந்து பரிஷத் பெரிய கூட்டம் கூட்டிக் கோயில்களை அரசிடமிருந்து மீட்போம் என்றது. மூன்று நாள் கழித்து, ஜனவரி 8 இரவு, திருப்பதியில் வைகுண்ட துவார தரிசன டோக்கனுக்கு நின்ற கூட்ட நெரிசலில் ஆறு பேர் இறந்தார்கள். கோயிலை மீட்க வந்தவர்கள், டோக்கன் வரிசையில் நின்றவரின் உயிரைப் பற்றிப் பேசியதைவிடப் பத்து மடங்கு நேரம் பிற மத ஊழியர்களை வெளியேற்றுவதைப் பற்றிப் பேசினார்கள். தேவஸ்தானத்தின் துப்புரவு, தங்குமிடப் பணிகளைச் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளர்களின் ஊதியம் பற்றி அவர்களுக்கு எந்தப் பிரகடனமும் இல்லை.

காலனியின் சிறு சபைகள்

சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் தலித் காலனிகளில் இருக்கும் சபைகளில் பெரும்பாலானவை எந்தப் பெரிய திருச்சபையின் கீழும் இல்லை. ஒரு அறை, ஒரு ஒலிபெருக்கி, வாரம் ஆறு நாள் கூலி வேலைக்கோ ஆட்டோ ஓட்டவோ போகும் ஒரு பாஸ்டர். அறக்கட்டளைப் பதிவு இல்லை; ஆகவே வரிவிலக்கும் இல்லை; வரி கட்டும் அளவுக்கு வருமானமும் இல்லை. "சர்ச்சுக்கு வரி இல்லை" என்ற பிரச்சாரத்தின் கோபம் வந்து இறங்குவது இவர்கள் தலையில்தான். நகரங்களில் பள்ளியும் கல்லூரியும் நிலமும் வைத்திருக்கும் பெரிய திருச்சபைகள், எந்த ஆட்சி வந்தாலும் தங்கள் வழியைப் பார்த்துக்கொள்கின்றன.

ஜெகன் அரசு பாஸ்டர்களுக்கு மாதம் 5,000 ரூபாயும், இமாம்களுக்கு 10,000 ரூபாயும் அரசு நிதியிலிருந்து கொடுத்தது. இன்றைய கூட்டணி அரசும் பாஸ்டர்களுக்கு அதைத் தொடர்கிறது. சிறு கோயில் அர்ச்சகர்களுக்கும் அரசின் உதவி உண்டு. ஏழைக்குப் பணம் கிடைப்பதை எதிர்க்க வேண்டியதில்லை. முதியோர் ஓய்வூதியம் போல, தொழிலாளர் நலன் போல, வருமானத்தை வைத்துக் கொடுக்கலாம். ஊழியம் செய்பவர் என்பதற்காகக் கொடுக்கும்போது அது கையில் கட்டும் கயிறாகிறது. ஞாயிறு ஆராதனையில் யாருடைய பெயரைச் சொல்லி ஜெபிப்பது என்பதை அந்தக் கயிறு முடிவுசெய்கிறது.

இன்னொரு கயிறு இன்னும் இறுக்கமானது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின்படி தலித் ஒருவர் கிறிஸ்தவரானால் பட்டியல் சாதித் தகுதியை இழக்கிறார். 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் இந்தத் தடை நீக்கப்பட்டது. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் நீக்கப்படவில்லை. ஆகவே காலனியில் பலர் சான்றிதழில் இந்து, ஞாயிற்றுக்கிழமையில் கிறிஸ்தவர். சாதிப் பெயர் சொல்லித் தாக்கப்பட்ட ஒரு பாஸ்டர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பைக் கோர முடியாது என்று 2025இல் ஆந்திர உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடித்தவன் சாதியைப் பார்த்தே அடிக்கிறான். நீதிமன்றம் மதத்தைப் பார்க்கிறது. இப்படி ஒருவர் வாழும்போது, "உன் சான்றிதழைப் பிடுங்கிவிடுவோம்" என்ற ஒரு மிரட்டல் போதும், அவர் வாக்கு எந்தப் பக்கமும் போகும்.

வழிபாட்டிடங்களின் வரிச் சலுகைக்கு நிபந்தனை வேண்டும் என்று கட்சி பேசும்போது, அந்தப் பேச்சு யாரிடம் தொடங்குகிறது என்பது முக்கியம். ஆயிரக்கணக்கான கோடி புழங்கும் நிறுவனங்களின் கணக்கு, அவற்றின் வாரிய நியமனம், அவற்றின் வளாகத்தில் நடக்கும் கட்சி நிகழ்ச்சிகள் ஆகியவற்றிலிருந்து தொடங்க வேண்டும். 1988 சட்டத்தின் 3, 5 பிரிவுகளைத் தெலுங்கிலும் தமிழிலும் அச்சிட்டு, வரும் உள்ளாட்சித் தேர்தலுக்கு முன் கிளைகளுக்கு அனுப்பலாம். கோயிலிலோ மசூதியிலோ சர்ச்சிலோ வாக்குச் சேகரிப்பு நடந்தால், எந்தக் கட்சியாக இருந்தாலும், எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். காலனிக்குள் போகும் தோழர்களுக்கு வேலை வேறு. தலித் கிறிஸ்தவர்களின் பட்டியல் சாதித் தகுதி பற்றிய வழக்கு 2004 முதல் உச்ச நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கிறது. இதை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் 2022 அக்டோபரில் அமைக்கப்பட்டு, காலநீட்டிப்புகளும் பெற்றிருக்கிறது. அங்கே வரிவிலக்கைப் பற்றி ஒரு சொல் பேசுவதற்கு முன், அந்தச் சான்றிதழைப் பற்றிப் பேசிவிட்டு வர வேண்டும்.